எர்த்து எங்கே போச்சு?

நாமக்கல்லில் லாரிப் பட்டறைகள் இருக்கிற பக்கம் போனால் பகலெல்லாம் வெல்டிங் பொறி பறக்கும், தகரம் அடிபடும். பாடி கட்டுகிறவர்கள், டிங்கர் வேலைக்காரர்கள், பெயின்ட் அடிப்பவர்கள் என்று ஒருவரையொருவர் ஒட்டித் தொழில் நடக்கிறது. இவர்களுக்கு நடுவே அதிகச் சத்தமில்லாமல் நடப்பது வயரிங் வேலை. பழைய பேட்டரிகள், பிரித்துப் போட்ட செல்ஃப் மோட்டார்கள், ஆணியில் தொங்கும் வயர் கட்டுகள், ஒரு மர ஸ்டூல். ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடை என்பது இவ்வளவுதான். ஹெட்லைட் எரியவில்லை என்று வருகிற வண்டிகளை இவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று அறியவே அங்கே போய் உட்கார்ந்தேன்.

கடைக்காரருக்கு அறுபதை நெருங்கும் வயது. எல்லோருக்கும் அவர் அண்ணன். ஐ.டி.ஐ. படித்த பையன் ஒருவன் உதவிக்கு இருக்கிறான். லாரிக்கு 24 வோல்ட், காருக்கு 12 வோல்ட். இரண்டும் இங்கே வரும்.

சாயங்காலம் ஒரு கார் வந்தது. இடதுபக்க ஹெட்லைட் சிவந்து மங்கலாக எரிந்தது. வண்டிக்காரர் வீட்டிலேயே பல்பை மாற்றிப் பார்த்துவிட்டார். அது போதாதென்று இன்னொரு பல்பும் வாங்கி மாட்டியிருக்கிறார். அண்ணன் பானெட்டைத் திறக்கவே இல்லை. வண்டிக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

“டிம்மு போடுங்க. சரிங்க, பிரைட்டுக்கு மாத்துங்க. மறுபடி டிம்மு. இப்ப மீட்டர்ல அந்த நீல லைட்டு லேசா எரியுதுங்களா?”

“ஆமாங்ணா, மங்கலா எரியுது.”

“பல்பு நல்லாத்தான் இருக்குது. எர்த்து போச்சுங்க.”

பிரைட்டுக்கு உரிய நீல விளக்கு டிம்மில் ஏன் எரிய வேண்டும்? பையனிடம் ஒரு அட்டையைக் கொடுத்துப் படம் போட்டுக் காட்டச் சொன்னார். எச்4 பல்புக்குள் இரண்டு இழைகள். டிம்முக்கு 55 வாட், பிரைட்டுக்கு 60 வாட். பின்னால் மூன்று பின்கள். இரண்டு இழைக்கும் எர்த்து ஒன்றே. அந்த எர்த்து கெட்டால் டிம் இழைக்குள் வந்த மின்சாரத்துக்கு நேர்வழி அடைபடுகிறது. அது பிரைட் இழை வழியாகத் தலைகீழாக ஏறி, பிரைட் வயரைப் பிடித்து, மறுபக்கத்து பல்பின் பிரைட் இழை வழியாகத் தரைக்குப் போகிறது. போகிற வழியில் நீல விளக்கையும் தொட்டுவிடுகிறது. மூன்று இழைகள் வரிசையாகப் பங்கு போட்டுக்கொள்வதால் எதற்குமே முழு வோல்ட் கிடைப்பதில்லை. கண்ணால் பார்த்தே இதைச் சொன்னார் அவர். இந்தத் தொழிலின் உச்சம் அதுதான் என்று எனக்குப் படுகிறது.

பிறகுதான் பானெட் திறந்தது. பையன் மல்டிமீட்டரை எடுத்தான். ஒரு முனை பேட்டரி பாசிட்டிவில், மறுமுனை கப்ளரின் எர்த்து ஓட்டையில். 12.4 வோல்ட் காட்டியது. எர்த்து சரியாக இருப்பதாகவே மீட்டர் சொன்னது. அண்ணன் தன் டெஸ்ட் லேம்பை எடுத்தார். இண்டிகேட்டர் பல்பு ஒன்று, 21 வாட். அதில் பற்றவைத்த இரண்டு வயர்கள். ஒன்றின் நுனியில் கிளிப், மற்றதில் சாக்குத் தைக்கிற கோணி ஊசி. கிளிப்பை பேட்டரி பாசிட்டிவில் மாட்டி, ஊசியை அதே ஓட்டையில் வைத்தார். பல்புக்குள் இழை சிவந்ததோடு சரி. ஊசியை எடுத்து இன்ஜின் இரும்பில் வைத்தார். பளிச்சென்று எரிந்தது.

மீட்டர் இழுக்கிற மின்சாரம் இல்லாத மாதிரிதான். துருவேறிய வயரில் ஒரே இழை ஒட்டிக்கொண்டிருந்தால்கூட அதற்குப் போதும், முழு வோல்ட்டைக் காட்டிவிடும். 21 வாட் பல்போ ஏறக்குறைய 2 ஆம்பியர் கேட்கும். அந்த லோடு வந்தவுடன் பலவீனம் வெளியே தெரிந்துவிடும். “மீட்டர் கெட்டதில்லீங்க. லோடு போட்டுட்டு அதுகிட்டக் கேக்கோணும்,” என்றார் அண்ணன். வீட்டில் ஹெட்லைட்டைப் பார்ப்பவர்கள் பலரும் தவறவிடுவது இந்த ஒன்றைத்தான்.

எர்த்து வயர் பேட்டரி தட்டுக்குப் பின்னால் பாடியில் போல்ட் போட்டு முடுக்கப்பட்டிருந்தது. கழற்றியதும் வளையத்துக்கு அடியில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துப் போயிருந்தது. முனையைப் பழைய செம்பு தெரியும்வரை வெட்டி, புதிய வளையம் அழுத்தி, பாடியில் பெயின்ட் போய் இரும்பு மின்னும்வரை உப்புத்தாளால் தேய்த்து, முடுக்கி, மேலே கிரீஸ் தடவினான் பையன். லைட்டைப் போட்டு, எரியும்போதே மறுபடி மீட்டர் வைத்தார்கள். பேட்டரி நெகட்டிவுக்கும் பல்பின் எர்த்துக்கும் நடுவே அரை வோல்ட்டுக்கும் கீழே. இப்போது மீட்டர் சொன்னது செல்லும்.

அந்த அரை வோல்ட் கணக்கு சும்மா இல்லை. ஹாலஜன் பல்புக்கு 10 சதவீதம் வோல்ட் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் விழுந்துவிடும். வோல்ட் 5 சதவீதம் கூடினால் ஆயுள் பாதியாகிவிடும். அதனால்தான் பல்பு அடிக்கடி பீஸ் போகிறது என்று யாராவது வந்தால், இவர் முதலில் இன்ஜினை ஓடவிட்டு சார்ஜிங் பார்க்கிறார். 12 வோல்ட் வண்டியில் 14 சொச்சத்தில் நிற்க வேண்டியது 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போய்விட்டது. பல்பு மாற்றிப் பயனில்லை.

கடையில் ஒரு டப்பா நிறைய உருகிய ஹோல்டர்கள் கிடக்கின்றன. பழுப்பேறி, பின் சாய்ந்து. எல்லாம் 100 வாட் பல்பு போட்ட புண்ணியம். 5 ஆம்பியருக்கு இழுத்த வயரில் 8 ஆம்பியருக்கு மேல் போனால் வேறென்ன ஆகும்? இதைவிட எனக்குக் கோபம் வருவது எச்4 கண்ணாடிக்குள் மாட்டுகிற மலிவு எல்இடி பல்புகள் மேல். டிம் இழைக்கு அடியில் இருக்கிற சின்ன மறைப்புத் தகடுதான் வெளிச்சத்தை மேலே போகவிடாமல் வெட்டுகிறது. கண்ணாடி வார்ப்பு அந்த இழை நிற்கிற இடத்துக்குச் செய்தது. ஒளி வருகிற இடம் இம்மி தள்ளினாலும் எதிரே வருகிற பைக்காரர் கண்ணில்தான் போய் அடிக்கும். ராத்திரியில் ரோட்டோரம் நடந்து போகிறவர்களுக்காகவாவது இதை நிறுத்த வேண்டும்.

வீட்டில் எதுவரை செய்யலாம் என்று கேட்டேன். தயங்காமல் சொன்னார். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அணைந்தால் பல்பைச் சந்தேகப்படாமல் பியூஸ், ரிலே, ஸ்விட்சைப் பார்க்க வேண்டும். ஒருபக்கம் மட்டும் போனால் அந்தப் பக்கத்துப் பல்பை எதிர்ப்பக்கத்தில் மாட்டிப் பார்ப்பதே முதல் சோதனை. பியூஸ் போனால் அதே நிறம்தான் போட வேண்டும், சிவப்பு 10, நீலம் 15. வயரைச் சுற்றி விடக்கூடாது. ஹாலஜன் பல்பின் கண்ணாடியில் விரல் படக்கூடாது. விரலின் எண்ணெய் சூட்டில் அந்த இடத்தைக் கெடுத்துவிடும். மஞ்சள் உறை போட்ட வயரை ஊசியால் குத்தவே கூடாது, அது ஏர்பேக். கம்பெனியே எல்இடி வைத்த வண்டியில் டெஸ்ட் லேம்ப் வேலைக்காகாது. அங்கே லைட்டைக் கம்ப்யூட்டர்தான் போடுகிறது.

வேலை முடிந்ததும் வண்டிக்காரர் கூலியைக் கேட்டுவிட்டு, “வெறும் எர்த்துக்கா இவ்வளவு?” என்றார். அண்ணன் பதில் சொல்லவில்லை. கேட்டதில் கொஞ்சம் குறைத்தே வாங்கிக்கொண்டார். எனக்கு மனசு ஆறவில்லை. தேவையில்லாத இரண்டு பல்புக்குக் கடையில் பேரம் பேசாமல் கொடுத்தவர், கோளாறைக் கண்டுபிடித்ததற்குக் கணக்குப் பார்க்கிறார். பொருளுக்கு விலை உண்டு, கண்டுபிடிப்புக்குக் கிடையாது என்கிற நினைப்பு இந்தத் தொழிலில் எல்லோரையும் அரித்துக்கொண்டிருக்கிறது. பையன்கள் தங்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தப் பையன் போவதாக இல்லை. ஸ்கேனர் வாங்கக் காசு சேர்க்கிறான். புது வண்டிகளுக்கு அது இல்லாமல் முடியாது என்கிறான். ஆனால் ஸ்கேனரைச் செருகுவதற்கு முன்னால் பேட்டரி முனையையும் எர்த்து போல்ட்டுகளையும் தான் பார்த்துவிடுவதாகச் சொன்னான். கம்ப்யூட்டருக்கும் எர்த்து வேண்டும். அது சரியில்லாவிட்டால் ஸ்கேனர் இல்லாத கோளாறையெல்லாம் வரிசையாகக் காட்டுமாம்.