நிறமில்லாத கயிறு

சாதியைப் பற்றி நாடகம் எழுதுவது தமிழில் அரிய செயலன்று. கல்லூரி விழாக்களில் ஆண்டுக்கு ஒன்றாவது அரங்கேறிவிடுகிறது. முறுக்கிய மீசையும் தோளில் துண்டுமாக ஒரு பண்ணையார் வருவார். கைகட்டியபடி ஒரு முதியவர் நிற்பார். படித்த இளைஞன் ஒருவன் நீண்ட வசனம் பேசுவான். இறுதியில் அனைவரும் கைகோத்து ஒற்றுமைப் பாட்டுப் பாடுவர், அரங்கம் கைதட்டும். அந்தக் கைதட்டலைத்தான் எங்களால் நம்ப முடிவதில்லை. தட்டுபவர்களில் எவருக்கும் அந்தப் பண்ணையாரோடு தமக்கு ஏதேனும் உறவு உண்டு என்ற எண்ணம் எழுவதில்லை. அவர் வேறு ஊர், வேறு காலம். திரைப்படத்திலிருந்து இறங்கி வந்தவர். அவரை வெறுப்பதற்கு எவரும் எதையும் இழக்க வேண்டியதில்லை.

இங்கே ‘நாங்கள்’ என்பது மரியாதைப் பன்மை அன்று. தென்மாவட்டக் கல்லூரி ஒன்றில் தமிழ் கற்பிக்கும் இருவர். ஆண்டுதோறும் வந்து, நடித்து, பட்டம் பெற்றுப் போய்விடும் பதினைந்து இருபது மாணவ மாணவியர். இவ்வளவுதான் எங்கள் குழு. அதற்குப் பெயர்கூட இல்லை. நாட்டு நலப்பணித் திட்ட முகாம் நடக்கும் ஊர்களில், கோயில் திடலிலோ பள்ளி வளாகத்திலோ, இரண்டு குழல்விளக்கு வெளிச்சத்தில் முக்கால் மணி நேரம் நடிப்போம். எழுதுவதும் கூட்டாகத்தான். ஒருவர் ஒரு காட்சியைச் சொல்வார், மற்றொருவர் மறுப்பார், மூன்றாமவர் எழுந்து நடித்துக் காட்டுவார், நடித்ததில் நிலைத்ததை மட்டும் ஏட்டில் எழுதிக்கொள்வோம். எல்லோரும் அறிந்த, எவரும் வாய்விட்டுச் சொல்லாத ஒன்றை, அதைச் செய்பவர்களின் முன்னாலேயே எப்படிச் சொல்வது என்பதே எங்கள் ஒரே கேள்வியாக இருந்துவருகிறது.

இந்தக் கேள்விக்கான முதல் பாடத்தை நாங்கள் நந்தனிடம் கற்றோம். தமிழ் இலக்கியம் கற்பிப்பவர்களுக்கு அவரைவிட நல்ல நாடக ஆசிரியர் கிடைப்பது அரிது. சேக்கிழாரின் திருநாளைப்போவார் தில்லையின் எல்லை வரை வந்து, தம் பிறப்பை எண்ணி, உள்ளே செல்லத் தயங்கி, அந்த எல்லையையே வலம் வருகிறார். அவரைத் தடுத்து நிறுத்தும் மனிதர் எவரும் அங்கே இல்லை. தடை அவருக்குள்ளேயே குடியிருக்கிறது. பின்னர் இறைவன் கனவில் ஆணையிட, தீயில் புகுந்து, மார்பில் வெண்ணூல் விளங்க முனிவர் வடிவில் எழுகிறார். 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் அதே கதையைக் கீர்த்தனைகளாகப் பாடியபோது, பெரியபுராணத்தில் இல்லாத ஒரு மனிதரைப் படைத்தார்: நந்தனின் ஆண்டையான வேதியர். நாற்பது வேலி நிலத்து வேலையை முடித்துவிட்டுத் தில்லைக்குப் போ என்கிறார் அவர். அதுவரை இறைவனுக்கும் அடியவருக்கும் இடையிலிருந்த கதை, விடுப்புக் கேட்கும் ஆளுக்கும் மறுக்கும் முதலாளிக்கும் இடையிலானதாக மாறிவிட்டது. இந்திரா பார்த்தசாரதியின் ‘நந்தன் கதை’ இன்னும் ஓரடி முன்னே சென்றது. அந்த நெருப்பை அருளாகக் காட்டாமல், மனிதர்கள் கூடித் திட்டமிட்ட சூழ்ச்சியாகக் காட்டியது.

மூன்று நந்தன்களையும் அடுத்தடுத்து வாசிக்கும் மாணவர் ஒன்றை விரைவில் கண்டுகொள்வார். கதை ஒன்றே. ஆனால் தடையின் முகம் படிப்படியாகத் தெளிந்துகொண்டே வருகிறது. ஏற்றத்தாழ்வு என்பது கருத்தாக இருக்கும் வரை அது கட்டுரைக்குரியது. அதற்கு முகமும் கூலியும் நிலமும் வாய்த்த பிறகே அது நாடகமாகிறது.

முகம் வந்துவிட்டால் போதுமா என்பது அடுத்த கேள்வி. அந்த முகம் யாருக்குக் காட்டப்படுகிறது? இதற்கு மலையாள நாடக வரலாற்றிலிருந்து ஒரு சான்றை வகுப்பில் அடிக்கடி சொல்வோம். நம்பூதிரிக் குடும்பங்களில் மூத்த மகன் மட்டுமே தன் சமூகத்துக்குள் மணம் புரியலாம் என்ற வழக்கம் நெடுங்காலம் இருந்தது. அதன் விளைவாக ஒரு முதியவருக்குப் பல மனைவியரில் ஒருத்தியாக வாழ்க்கைப்பட்டோர் பலர்; மணமின்றியே முதிர்ந்தோர் பலர்; இளமையிலேயே கைம்பெண்ணானோர் பலர். வி.டி.பட்டதிரிப்பாடு 1929இல் அரங்கேற்றிய ‘அடுக்களையில் நின்னு அரங்ஙத்தேக்கு’, அதாவது ‘அடுக்களையிலிருந்து அரங்குக்கு’, இந்த மூடிய வீட்டின் கதவைத் திறந்தது. எழுதியவர் நம்பூதிரி, நடித்தவர்கள் நம்பூதிரி இளைஞர்கள், எதிரே அமர்ந்திருந்தவர்களும் நம்பூதிரிகளே. மேடையில் தம் வீட்டுப் பேச்சையும் தம் வீட்டுச் சடங்கையும் தம் அண்ணன் தந்தையரின் நடையையும் அவர்கள் கண்டனர். குற்றத்தை வேறொருவர் தலையில் ஏற்றிவிட்டு எழுந்து போக அவர்களுக்கு வழி இல்லை. 

அங்கேயும் ஒரு குறை எஞ்சியிருந்தது. பெண்களின் துயரைச் சொன்ன அந்த நாடகத்தில் பெண் வேடங்களை ஆண்களே கட்டினார்கள். 1948இல் ‘தொழில்கேந்த்ரத்திலேக்கு’ என்ற நாடகத்தை அச்சமூகத்துப் பெண்களே கூடி எழுதி, பெண்களே எல்லா வேடங்களையும் ஏற்று நடித்தபோதுதான் அந்தக் கதவு மறுபக்கத்திலிருந்தும் திறந்தது. அதற்குத் தனியொரு ஆசிரியர் இல்லை என்பதை மாணவியருக்கு நாங்கள் எப்போதும் அழுத்திச் சொல்வோம். ஏன் என்பது பின்னால் விளங்கும்.

மேடையில் தம்மைக் காண விரும்பாதவர்கள் என்ன செய்வார்கள் என்பதையும் நாடக வரலாறு சொல்கிறது. 1954இல் சென்னை மாகாணத்தில் வந்த நாடக நிகழ்ச்சிகள் சட்டம், ஆட்சேபத்துக்குரியவை எனக் கருதும் நாடகங்களைத் தடை செய்யும் அதிகாரத்தை அரசுக்கு அளித்தது. எம்.ஆர்.ராதாவின் நாடகங்களை மனத்தில் வைத்தே அது வந்தது என்பது நாடக உலகம் அறிந்த செய்தி. ‘பரீக்ஷா’ குழுவை நடத்திய ஞாநி தொடுத்த வழக்கில் 2013இல் சென்னை உயர் நீதிமன்றம் அச்சட்டம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. சட்டம் போய்விட்டது, பிரதியைக் கேட்பவர்கள் போகவில்லை. அனுமதி கேட்டுச் செல்லும் அலுவலகத்தில் ஒருவர் கேட்கிறார். முகாம் நடக்கும் ஊரில் ஒரு பெரியவர், “தம்பி, பொதுவா நல்லதாச் சொல்லிட்டுப் போங்க, ஆளைக் காட்டாதீங்க” என்கிறார். அவர்கள் பிரதியை வாங்கினால் வசனங்களைத்தான் வாசிப்பார்கள் என்பது எங்கள் அனுபவம். வசனங்களுக்கு நடுவே அடைப்புக்குறிக்குள் இருப்பதை எவரும் வாசிப்பதில்லை.

எங்கள் நாடகங்களில் நாங்கள் மிகுதியாகப் பேச விரும்புவது ‘கயிறு’ என்ற ஒன்றைத்தான். எங்கள் பகுதியை அறிந்தவர்களுக்குப் பொருள் சொல்ல வேண்டியதில்லை. பள்ளி மாணவர்கள் மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் கயிற்றின் நிறமே இன்னார் இன்ன சாதி என்று சொல்லிவிடும். சாதியை உணர்த்தும் இத்தகைய கயிறுகளைத் தடுக்குமாறு 2019இல் பள்ளிக் கல்வித் துறையிலிருந்து சுற்றறிக்கை வந்தது. உடனே அதற்கு எதிர்ப்பும் வந்தது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியலினத்தைச் சேர்ந்த ஒரு பள்ளி மாணவரும் தடுக்க வந்த அவருடைய தங்கையும் வீட்டுக்குள்ளேயே அரிவாளால் வெட்டப்பட்டார்கள். வெட்டியவர்களில் உடன் படித்த மாணவர்களும் இருந்தார்கள். அதன்பின் அரசு அமைத்த நீதிபதி கே.சந்துரு குழு 2024 ஜூனில் அளித்த அறிக்கையில் கயிறு, மோதிரம், நெற்றிப்பொட்டு எனச் சாதியைச் சுட்டும் அடையாளங்களுக்குத் தடை வேண்டும் என்று பரிந்துரைத்தது. அந்தப் பள்ளிகளிலிருந்துதான் எங்கள் கல்லூரிக்கு மாணவர்கள் வருகிறார்கள். ஒத்திகைக்கு வந்து வட்டமாக அமரும்போது, எங்கள் குழுவிலேயே நாலைந்து மணிக்கட்டுகளில் கயிறு இருக்கும்.

நாடகத்தில் கயிற்றுக்கு என்ன நிறம் என்பதே முதல் சிக்கல். உண்மையான நிறங்களைக் காட்டினால் முதல் காட்சியிலேயே கல் விழும். பொய்யான நிறங்களைக் காட்டினால் அது வேறு கிரகத்துக் கதையாகிவிடும். நீண்ட விவாதத்துக்குப் பின் ஒரு மாணவி வழி சொன்னார்: எல்லாக் கயிறும் வெள்ளையாக இருக்கட்டும். அதிலிருந்து முதல் காட்சி பிறந்தது. திருவிழாக் கடையில் ஒருவர் கயிறு விற்கிறார். ஒரு பையன் வந்து “அண்ணே, ஒரு கயிறு” என்கிறான். கடைக்காரர், “எந்த ஊரு தம்பி?” என்கிறார். ஊரைச் சொல்கிறான். “எந்தத் தெரு?” தெருவைச் சொல்கிறான். அவர் பெட்டியில் தேடித் தேடி ஒரு வெள்ளைக் கயிற்றை எடுத்துக் கொடுக்கிறார். அடுத்த பையன் வருகிறான், அதே கேள்விகள், அதே தேடல், மற்றொரு வெள்ளைக் கயிறு. கூட்டத்தில் சிரிப்பு எழும். ஆனால் அந்தச் சிரிப்பு பண்ணையாரைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு அன்று. ஒவ்வொருவர் கண்ணும் அந்த வெள்ளைக்கு ஒரு நிறம் பூசிவிடுகிறது. பூசியது தாமே என்பதும் அவருக்குத் தெரிந்துவிடுகிறது. ஓர் ஊரில் நாடகம் முடிந்தபின் இரண்டு வெவ்வேறு தெருக்களைச் சேர்ந்த இருவர், ஒருவர் போனபின் ஒருவராக வந்து, “எங்களைத்தானே சொன்னீர்கள்?” என்று கேட்டார்கள்.

இக்காட்சி உருவான ஒத்திகையில் கடைசி வரிசையில் அமர்ந்திருந்த மாணவர் ஒருவர் கையுயர்த்திச் சொன்னது எங்களுக்கு இன்றும் சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது. “ஐயா, எல்லாம் வெள்ளை என்றால் இரண்டு பக்கமும் ஒன்று என்று ஆகிவிடும். அவர்கள் அதைக் காட்டுவதற்குக் கட்டுகிறார்கள். நாங்கள் பயத்தில் கட்டுகிறோம், கூட ஆள் இருக்கிறது என்று சொல்வதற்காக.” ஒரு நொடி எவரும் பேசவில்லை. அவர் சொன்னதில் அழகியலும் அரசியலும் ஒன்றாக இருந்தன. நிறத்தை மறைப்பதால் பார்வையாளர் தம்மைக் காண்கிறார் என்பது உண்மை. நிறம் மறையும்போது மேல் கீழ் என்பதும் மறைந்து, ‘இளைஞர்கள் சண்டை போடக்கூடாது’ என்ற நீதிக்கதை மட்டும் எஞ்சும் என்பதும் உண்மை. இரண்டையும் ஒரே காட்சியில் நிறுத்த வேண்டியிருந்தது.

வசனத்தால் அதைச் செய்ய முடியவில்லை. அதே மாணவர்தான் அரங்கின் ஓரத்தில் கிடந்த ஒரு மிதிவண்டியை எடுத்துவந்தார். மேடையின் குறுக்கே சுண்ணாம்பால் ஒரு தெரு வரைந்தோம். முதல் பையன் பாடிக்கொண்டே வண்டியை ஓட்டி அத்தெருவைக் கடக்கிறான். இரண்டாவது பையன் ஓட்டிக்கொண்டு வருகிறான்; கோட்டருகே வந்ததும் இறங்குகிறான்; வண்டியை உருட்டிக்கொண்டே தெருவைக் கடக்கிறான்; மறுபக்கக் கோட்டைத் தாண்டியதும் ஏறிக்கொள்கிறான். இருவர் மணிக்கட்டிலும் ஒரே வெள்ளைக் கயிறு. பேச்சு இல்லை, இசை இல்லை. பிரதியில் அது அடைப்புக்குறிக்குள் ஒரே வரி: ‘இறங்கி உருட்டிச் செல்கிறான்.’ நாங்கள் அனுமதிக்காகக் கொடுத்த பிரதிகளில் வசனங்கள் பல அடிக்கப்பட்டுத் திரும்பியிருக்கின்றன. அந்த வரியை எவரும் அடித்ததில்லை. திடலில் அதைக் காணும்போது மட்டும் கூட்டம் முழுவதும் மௌனமாகிவிடும். எங்கள் வட்டாரத்தில் அந்த இறக்கத்துக்கு உரை தேவையில்லை. இன்ன சாதி என்ற பெயர் ஒருமுறைகூட உச்சரிக்கப்படவில்லை. ஆயினும் யார் ஓட்டுகிறார், யார் உருட்டுகிறார் என்பதில் அங்கே எவருக்கும் ஐயமில்லை.

இதிலிருந்து நாங்கள் வந்தடைந்த முடிவு எளியது. சமூகம் மறைத்து வைப்பதைப் பெயர்சொல்லி அழைப்பது ஒரு வழி. அதற்கான துணிவை நாங்கள் வணங்குகிறோம். அந்த ஊரில் அன்றாடம் புழங்கும் ஒரு பொருளை மேடையில் வைத்து, அதன் மீது உடல்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்று காட்டுவது மற்றொரு வழி. பெயரை மறுக்கலாம், “நாங்கள் அப்படிச் சொல்வதில்லை” எனலாம். இறங்கி உருட்டும் கால்களை மறுப்பது கடினம். பார்ப்பவர் அவற்றைத் தம் தெருவில் கண்டிருக்கிறார்.

நாடகத்தால் யாராவது கயிற்றை அவிழ்த்தார்களா என்று நண்பர்கள் கேட்பதுண்டு. அப்படி ஒரு காட்சியை நாங்கள் கண்டதில்லை. கண்டது வேறு. கடைக்காரர் கேள்விகளை எழுதிய மாணவியின் அண்ணன் கயிறு கட்டுபவர். நாடகம் தங்கள் பக்கத்து ஊரில் நடந்தபோது வந்து, கூட்டத்தின் பின்னால் வண்டியில் சாய்ந்தபடி கடைசி வரை நின்று பார்த்தார். அன்றிரவு வீட்டில் தங்கையிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்: “அந்த சைக்கிள் சீனை எழுதினது யாரு?”

அவருக்குத் தேவைப்பட்டது ஒரு பெயர். பெயர் கிடைத்தால் அதற்கு ஒரு தெரு இருக்கும். தெருவுக்கு ஒரு நிறம் இருக்கும். அதன்பின் காட்சியைப் பற்றி எண்ண வேண்டியதில்லை. ஆளைப் பற்றி எண்ணினால் போதும். மறுநாள் ஒத்திகையில் அம்மாணவி இதைச் சொன்னபோது, மிதிவண்டியைக் கொண்டுவந்த மாணவர் தலைகுனிந்து தரையில் சுண்ணாம்புக் கோடு வரைந்துகொண்டிருந்தார்.

“நீ என்னம்மா சொன்னாய்?” என்று கேட்டோம்.

“நாங்கள் எழுதினோம் என்றேன், ஐயா. ‘நாங்கள் என்றால்?’ என்றான். ‘நாங்கள்தான்’ என்றேன்.”