500 மணி நேரப் பயிற்சி

பங்காருபேட்டை ஜங்ஷனில் காலை ரயில் நேரத்தில் பிளாட்பாரத்தில் கால் வைக்க இடமிருக்காது. 2001 பிப்ரவரி 28-ல் கோலார் தங்கச் சுரங்கம் மூடப்பட்டதிலிருந்து, மாரிக்குப்பம் தொடங்கி இந்தப் பக்கத்து ஜனங்கள் ஆயிரக்கணக்கில் தினமும் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வருகிறார்கள். அந்தக் கூட்டத்தில் சேராமல் ஊரிலேயே பிழைக்க நினைக்கும் பிள்ளைகள் சிலர் ஃபார்மசிஸ்ட் ஆவதற்கான டி.ஃபார்ம் படிக்கிறார்கள். அவர்களைப் பார்க்கத்தான் போயிருந்தேன்.

பி.யூ.சி.யில் அறிவியல் எடுத்தவர்களுக்கு இது இரண்டு வருடப் படிப்பு. அதன் பிறகு 500 மணி நேரப் பயிற்சி. அதில் 250 மணி நேரமாவது டாக்டர் சீட்டைப் பார்த்து மருந்து எடுத்துக்கொடுத்தே ஆக வேண்டும்.

ஆய்வகத்தில் ஒரு மாணவி எமல்ஷன் செய்துகொண்டிருந்தாள். எண்ணெய் நான்கு பங்கு, தண்ணீர் இரண்டு, அகேஷியா பிசின் ஒன்று. கல்வத்தில் பிசின் தூளையும் எண்ணெயையும் கலந்து, தண்ணீரை ஒரே தடவையாக ஊற்றி, குழவியை ஒரே பக்கமாக விடாமல் சுற்றினாள். கலவை வெளுத்துக் கெட்டியாகி 'டக் டக்' என்று சத்தம் வந்ததும்தான் கையை நிறுத்தினாள். இன்று எந்தக் கடையிலும் இப்படி மருந்து அரைப்பதில்லை. ஆனாலும் அளவில் கை தவறக்கூடாது என்ற பயம் இங்கேதான் பழகுகிறது. இந்தப் பாடத்தை எடுத்துவிடக்கூடாது என்பது என் கருத்து.

பயிற்சி நடப்பது மெடிக்கல் ஷாப்பில். மெட்ஃபார்மின் சர்க்கரைக்கு, மெட்ரோனிடசோல் கிருமித் தொற்றுக்கு. அவசரக் கையெழுத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். அதனால் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைப்பதில்லை. இன்சுலின் ஃபிரிட்ஜில், 2 முதல் 8 டிகிரிக்குள். கூடுதல் கட்டுப்பாடுள்ள எச்1 பட்டியல் மருந்து என்றால் டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்தின் அளவு எல்லாம் தனி ரிஜிஸ்டரில் ஏற வேண்டும். அதை மூன்று வருடம் பாதுகாக்க வேண்டும்.

நான் நின்றிருந்தபோது சுரங்கத்தில் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் வந்தார். பாறைத் தூசி தின்ற நெஞ்சு. நாலு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்கியது. பயிற்சிக்கு வந்த பெண் ரோட்டாகேப் டப்பாவை உடனே நீட்டிவிடவில்லை.

"எப்படிப் போட்டுக்கிறீங்க தாத்தா?"

"தண்ணி ஊத்தி முழுங்குறேன்மா."

அவள் மருந்தை மூச்சில் இழுக்கும் மெஷினை எடுத்து கேப்சூலைச் செருகித் திருகிக் காட்டினாள். "முழுங்கினா வயித்துக்குத்தான் போகும். மூச்சை வெளியே விட்டுட்டு, வாயில வச்சு வேகமா உள்ளே இழுங்க. அப்புறம் பத்து எண்ணுற வரைக்கும் அடக்கி வையுங்க. முடிஞ்சதும் வாயைக் கொப்பளிச்சிடுங்க." பெரியவரையே செய்யச் சொல்லிப் பார்த்தாள். கேப்சூலில் தூள் மிச்சமிருந்தது. மறுபடியும் இழுக்கச் சொன்னாள்.

வாங்கிய மருந்து வீணாக வயிற்றுக்குப் போய்க்கொண்டிருந்ததை அவரிடம் அதுவரை யாரும் சொல்லவில்லை. சீட்டைப் பார்த்து அட்டையை எடுத்துக் கொடுக்க யாராலும் முடியும். இந்த ஒரு கேள்வியைக் கேட்கத்தான் படிப்பு வேண்டும்.

1948-ஆம் வருட ஃபார்மசி சட்டத்தின் 42-ஆம் பிரிவின்படி, பதிவு பெற்ற ஃபார்மசிஸ்ட் அல்லாதவர் டாக்டர் சீட்டுக்கு மருந்து கொடுப்பது குற்றம். ஆனால் சர்டிஃபிகேட்டை வாடகைக்கு விட்டு வேறெங்கோ வேலை பார்ப்பவர்கள் நாடு முழுக்க இருக்கிறார்கள். கஷ்டப்பட்டுப் படித்துவரும் இந்தப் பிள்ளைகளின் வேலையையும் பெரியவரின் மூச்சையும் சேர்த்தே பறிக்கிற காரியம் அது.

2015-ஆம் வருட விதிப்படி ஃபார்மசிஸ்ட் வெள்ளைக் கோட்டு அணிந்து, பெயரும் பதிவு எண்ணும் உள்ள பேட்ஜ் குத்தியிருக்க வேண்டும். அடுத்த முறை மருந்து வாங்கும்போது அதைப் பாருங்கள். இல்லையென்றால், "இங்கே ஃபார்மசிஸ்ட் யாருங்க?" என்று தயங்காமல் கேளுங்கள்.