சாரலில் ஹவர் மீட்டர் காட்டாத கணக்கு

ஐந்தருவி, ஜூலை 6

ஐந்தருவிக்குக் கூட்டத்தைக் கொண்டுவரும் இதே சாரல்தான், இந்த வட்டாரத்து டிப்பர்களுக்கும் பொக்லைன்களுக்கும் சோதனைக் காலம். தென்காசியிலிருந்து செங்கோட்டை, புளியரை தாண்டி ஆரியங்காவு ஏறும் தேசிய நெடுஞ்சாலை 744இல் ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய டிப்பர்கள் கேரளத்துக்குப் போகின்றன. இவற்றின் ஹைட்ராலிக் எண்ணெயையும் பில்டரையும் ஓடிய மணியை மட்டும் பார்த்து மாற்றுவது இந்த ஊருக்குப் போதாது. பருவத்தையும் பார்க்க வேண்டும். ஓடும்போது சூடேறி விரியும் எண்ணெய், வண்டி நின்றதும் ஆறிச் சுருங்குகிறது. அந்த இடத்தை நிரப்ப, தொட்டி மூச்சுவிடும் துளையான ப்ரீதர் வழியே வெளிக்காற்று தொட்டிக்குள் நுழைகிறது. கோடையில் அதோடு கிரஷர் தூசி போகும். சாரலில் ஈரம் போகும். ஈரம் தொட்டியின் உட்சுவரில் முத்துமுத்தாகக் கோத்து எண்ணெயில் இறங்க, எண்ணெய் பால் கலந்ததுபோல் வெளுக்கிறது. வழுவழுப்பு குறைந்து பம்ப் தேய்கிறது, ஜாக்கியின் உட்புறம் துருவேறுகிறது. லோடு கிடைக்காமல் வண்டி நிற்கும் நாளிலும் பகல் வெப்பமும் இரவுக் குளிரும் இந்த வேலையைச் செய்யும். ஹவர் மீட்டரில் அது ஏறுவதில்லை.

ஜூலை 7

‘ஓடுற வண்டியில் கை வைக்காதே’ என்று பட்டறைகளில் சொல்வதில் நியாயம் உண்டு. தொட்டியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அழுக்கு உள்ளே போக வாய்ப்பிருக்கிறது. புது பேரல் எண்ணெயிலும் துகள் இருக்கும். எண்ணெயின் தூய்மைக்கான ஐஎஸ்ஓ 4406 தரநிலை 4, 6, 14 மைக்ரான் துகள்களை எண்ணச் சொல்கிறது. தலைமுடியின் பருமனே ஏறக்குறைய 70 மைக்ரான் என்பதால், கண்ணால் பார்த்து ‘சுத்தமாக இருக்கிறது’ என்று சொல்லிவிட முடியாது. ஆகவே மூடியைச் சுற்றித் துடைத்துவிட்டுத் திறக்க வேண்டும், புது எண்ணெயையும் வடிகட்டியே ஊற்ற வேண்டும். இந்த நியாயம் கவனமாகத் திறக்கச் சொல்கிறதே தவிர, திறக்காமலே விடச் சொல்லவில்லை. அடுத்து, சீசனில் ஒரு நாள் வாடகை போகிறதே என்பார்கள். அந்த ஒரு நாளை நாம் தேர்ந்தெடுக்கலாம். பம்ப் போனால் வண்டி நிற்கும் நாட்களையும் இடத்தையும் நாம் தேர்ந்தெடுக்க முடியாது. மலைப்பாதை வளைவில் நின்றால் பின்னால் வரும் அத்தனை வண்டியும் நிற்கும். பணத்தைவிடப் பெரிய காரணம், வேலை செய்கிறவரின் உயிர். ஹைட்ராலிக் குழாயில் வரும் 200 பார் அழுத்தம், கார் டயரில் உள்ளதைப்போல் ஏறக்குறைய நூறு மடங்கு. ஹோஸில் ஊசித்துளை அளவு கசிவு இருந்தாலும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்; உடனே அறுவைச் சிகிச்சை செய்யாவிட்டால் விரலையோ கையையோ இழக்க நேரிடும். கசிவை அட்டை பிடித்துத்தான் தேட வேண்டும். தூக்கிய பாடிக்கு முட்டுக் கொடுக்காமல் யாரும் அடியில் போகவே கூடாது. வைகாசி முடிவதற்குள் ஒரு முறை, சாரல் ஓய்ந்ததும் ஆவணியில் ஒரு முறை, ஹவர் மீட்டர் எதைக் காட்டினாலும் ப்ரீதர், எண்ணெய், ஹோஸ் மூன்றையும் பார்த்துவிடுவது இங்கே ஒவ்வொரு உரிமையாளரின் கடமை.