பழனி மலையில் நூற்றெட்டு

பழனி மலை என்றதும் நம் நேயர்களில் பத்துக்கு ஒன்பது பேர் கைகூப்புவார்கள். தண்டாயுதபாணி கோயில் கொண்டிருக்கும் குன்று அல்லவா? நாம் இங்கே சொல்லப் புகுந்தது அந்தக் குன்றைப் பற்றி அன்று. அதற்குத் தெற்கே, அடிவானத்தை மறைத்துக் கொண்டு, கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கிறதே ஒரு பெரிய மலைத்தொடர், அதைப் பற்றி. அதன் தோளில் சுமார் 7,000 அடி உயரத்தில் கொடைக்கானல் இருக்கிறது. அதற்கும் அப்பால் பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, கிளாவரை என்று ஊர்கள் மேற்கே போய்க்கொண்டே இருக்கின்றன. 'நூற்றெட்டு' என்றதும் அர்ச்சனையும் தேங்காயும் ஞாபகத்துக்கு வருமானால், அதுவும் நியாயமே. ஆனால் இந்த மலைவாசிகள் நூற்றெட்டு என்று சொன்னால் அது ஒரு டெலிபோன் எண். அந்த எண்ணைச் சுழற்றினால் (சுழற்றும் காலம் போயிற்று, அழுத்தினால் என்று திருத்திக் கொள்க) வாசலில் வந்து நிற்கும் ஆம்புலன்ஸ் வண்டிக்கும் அதுவே பெயர்.

ஆபத்துக்கென்று தனியாக ஓர் எண் வேண்டும் என்ற எண்ணம் லண்டனில் உதித்தது. 1935-ஆம் ஆண்டு நவம்பரில் விம்போல் தெருவில் ஒரு வீடு தீப்பற்றி எரிந்து ஐந்து பெண்கள் மாண்டார்கள். அண்டை வீட்டார் டெலிபோனை எடுத்தும், எக்ஸ்சேஞ்சில் மற்ற அழைப்புக்களோடு அவருடைய அழைப்பும் வரிசையில் காத்துக் கிடந்ததாம். அதன் பலனாக 1937 ஜூன் 30-ல் 999 என்ற எண் வந்தது. நம் நாட்டில் போலீஸுக்கு 100, தீயணைப்புக்கு 101 என்று எண்கள் ஏற்பட்டன. ஆம்புலன்ஸுக்கு 108 என்ற ஏற்பாடு 2005 ஆகஸ்ட் 15-ல் ஹைதராபாத்தில் ஆரம்பமாகி, 2008 செப்டம்பர் 15-ல் தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்தது. எல்லா ஆபத்துக்கும் 112 என்ற ஒரே எண் 2019-ல் ஏற்பட்டும், ஜனங்கள் வாயில் நிலைத்திருப்பது நூற்றெட்டுத்தான். காசு கேட்காமல் வரும் வண்டியை அவ்வளவு சுலபத்தில் மறந்து விடுவார்களா?

இந்த மலையில் அந்த வண்டி படும் பாட்டைப் பார்க்க வேண்டும் என்று நாமும், நம் சித்திரக்காரரும் வத்தலக்குண்டில் பஸ் ஏறினோம். சித்திரக்காரர் ஏரியையும் படகையும் எழுதலாம் என்ற ஆசையில் வந்தவர். அவரிடம் விஷயத்தை முன்கூட்டிச் சொல்லவில்லை.

மலைப் பாதையின் முதல் வளைவுகள் வந்ததுமே பஸ்ஸில் பாதிப் பேர் ஜன்னலை நாடினார்கள். டம்டம் பாறையில் இறங்கி நின்றால் எதிரே தலையாறு அருவி தெரிகிறது. 297 மீட்டர் உயரத்திலிருந்து ஒரே வெள்ளிக் கம்பியாக விழுகிறது. எலிவால் அருவி என்று யாரோ ரசனையில்லாதவர் பெயர் வைத்திருக்கிறார். சித்திரக்காரர் பென்சிலை எடுத்த சமயம், மேலிருந்து ஊளையிட்டுக் கொண்டு ஒரு நூற்றெட்டு வண்டி இறங்கியது. டீக்கடைக்காரர் பாலை ஆற்றுவதை நிறுத்தி, வண்டி அடுத்த வளைவில் மறையும் வரை பார்த்துக் கொண்டிருந்தார். "கீழே போனாத்தான் சங்கதி. தேனிக்கோ மதுரைக்கோ கொண்டு போறாங்க" என்றார்.

அவர் சொன்னதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. மதுரையிலிருந்த அமெரிக்கப் பாதிரிமார்கள் 1845-ல் இந்த மலையில் முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டியது உல்லாசத்துக்காக அன்று. சமவெளியின் ஜுரத்துக்கும் வாந்திபேதிக்கும் பயந்து, உயிர் பிழைப்பதற்காக மேலே ஏறினார்கள். பாதை கிடையாது. கூலியாட்களின் தோள்தான் வாகனம். 1875-ல் ரயில் அம்மையநாயக்கனூர் வரை வந்த பிறகும் மலைமேல் அதே தோள்தான். 1916-ல், முதல் மகா யுத்தம் நடந்து கொண்டிருந்தபோது, இன்றைய மலைச்சாலை வண்டிகளுக்குத் திறக்கப்பட்டது. அன்று உயிர் பிழைக்க மேலே ஏறினார்கள். இன்றோ தலையில் அடிபட்டவனும், மார்பு வலி கண்டவனும் உயிர் பிழைக்கக் கீழே இறங்க வேண்டியிருக்கிறது. கொடைக்கானலில் அரசாங்க ஆஸ்பத்திரி இருக்கிறது. பெரிய சிகிச்சை என்றால் தேனி, திண்டுக்கல் மருத்துவக் கல்லூரிகளுக்கோ மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரிக்கோதான் போக வேண்டும். எந்த வழியாகப் போனாலும் மலை இறங்கியாக வேண்டும்.

கொடைக்கானலில் ஓய்வாக நின்ற ஒரு வண்டியின் ஓட்டுநரோடும் மருத்துவ உதவியாளரோடும் பேசிக் கொண்டிருந்தோம். ஓட்டுபவரை 'பைலட்' என்கிறார்கள். ஆகாய விமானம் ஓட்டுகிறவருக்கு உள்ள பெயர் இவருக்கு எதற்கு என்று முதலில் நினைத்தோம். பனிமூட்டத்தில் விளக்கின் வெளிச்சம் பத்தடிக்கு அப்பால் போகாத இரவில், கறுப்புச் சுவர் போலக் காட்டுமாடு ஒன்று சாலையின் நடுவே நின்ற கதையைக் கேட்ட பிறகு, பெயர் பொருத்தம்தான் என்று ஒப்புக் கொண்டோம். "மாடு நகர்றவரைக்கும் நாங்க நகர முடியாது. ஆரன் அடிக்கக் கூடாது, மிரண்டா வண்டியையே முட்டித் தள்ளிடும்" என்றார் பைலட். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த மறுநாள் மரங்கள் சாலைகளில் குறுக்கும் நெடுக்கும் கிடந்தனவாம். அரிவாளும் ரம்பமும் வந்து வழி விட்டால்தான் வண்டி. கோடைக் காலத்துச் சங்கடம் வேறு. ஹைகோர்ட் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு 'இ-பாஸ்' வந்தது. அப்படியும் சீசன் நாட்களில் வெள்ளி நீர்வீழ்ச்சியருகே கார்கள் எறும்புச் சாரையாக நிற்கின்றன. "ஒதுங்க மனசு இருக்கு சார், ஒதுங்க இடம் இல்லை. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம்" என்று உதவியாளர் உல்லாசப் பிரயாணிகளுக்காகவும் பரிந்து பேசினார்.

ஆனால் இவர்கள் இருவரும் கதையின் பிற்பாதி. முற்பாதி சுமார் 500 கிலோமீட்டருக்கு அப்பால் சென்னையில், காதில் கருவி மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் நடக்கிறது. மாநிலத்தின் தூர மூலைகளிலிருந்து 108-ஐ அழைத்தாலும் சென்னை நிலையத்தில் மணி அடிப்பதுண்டு. அங்கே வேலை பார்க்கும் ஒரு பெண்மணி, ஊர்த் திருவிழாவுக்கு லீவில் வந்திருப்பதாகவும், அவருடைய ஊர் மன்னவனூரைத் தாண்டி இருப்பதாகவும் பைலட் சொன்னார். மறுநாள் காலை மேல்மலைப் பஸ்ஸில் புறப்பட்டோம். ஏரியைப் பின்னால் விட்டுப் போவதைக் கண்டு சித்திரக்காரர் விட்ட பெருமூச்சு பஸ்ஸின் சப்தத்தையும் மீறிக் கேட்டது. பூம்பாறையில் படிப்படியான பூண்டு வயல்களைப் பார்த்ததும் சமாதானமாகி விட்டார்.

தம் பெயரையும் ஊரையும் அச்சில் போட வேண்டாம் என்று அந்தப் பெண்மணி கேட்டுக் கொண்டார். பிள்ளைப் பிராயம் முழுதும் உருளைக்கிழங்குக் காட்டில் களை எடுத்தவர்; இருபத்தைந்து வயது இருக்கலாம். சுக்குக் காப்பி கொடுத்துவிட்டு, "இடம்தான் சார் எல்லாம். என்ன நோவுன்னு அப்புறம் கேட்டுக்கலாம். எந்த இடம்னு தெரியாமப் போனா, வண்டி இருந்தும் இல்லாத மாதிரிதான்" என்று ஆரம்பித்தார்.

இடம் சொல்லுவது இவ்வளவு கஷ்டமான காரியம் என்று நமக்கு அன்றுதான் தெரிந்தது. பழனிச் சாலையில் வடகவுஞ்சி என்று ஓர் ஊர். மன்னவனூருக்கு அப்பால் கவுஞ்சி என்று வேறோர் ஊர். நடுவில் மலைத்தொடரே கிடக்கிறது. பதறிப்போனவன் வாயில் இரண்டும் 'கவுஞ்சி'தான். 'பூண்டி' என்றால் மேல்மலைப் பூண்டியா, தஞ்சாவூர்ப் பக்கத்துப் பூண்டியா, திருவள்ளூர் நீர்த்தேக்கத்துப் பூண்டியா? வெளியூர் உல்லாசப் பிரயாணியோ இன்னும் மோசம். "மலைமேலே, ஒரு வளைவிலே" என்பார். வளைவு இல்லாத இடம் மலையில் எது? "வரும்போது கடைசியாக என்ன கடை பார்த்தீர்கள்? அருவி வலப்பக்கமா, இடப்பக்கமா? கிலோமீட்டர் கல்லில் என்ன எழுதியிருக்கிறது?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, டம்டம் பாறைக்கும் பெருமாள்மலைக்கும் நடுவே அவரைப் பிடிக்க வேண்டும். கம்ப்யூட்டர் திரையில் தேசப்படமும், வண்டிகள் நிற்கும் இடங்களும் தெரியும். ஆனால் மலை விளிம்பில் நிற்பவனுடைய செல்போனுக்குச் சில சமயம் அடிவாரத்துக் கோபுரத்தின் அலைதான் எட்டும். கருவி அவனைச் சமவெளியில் நிற்பதாக நினைத்துக் கொள்ளும். இதற்கிடையில் விளையாட்டாக எண்ணை அழுத்திச் சிரிக்கும் குழந்தைகளும், குடித்துவிட்டுத் திட்டுகிற பெரியவர்களும் உண்டு. அவர்களுக்கும் "வணக்கம்" சொல்லித்தான் தீரவேண்டும். மணி அடிக்கும்போது முகம் தெரிவதில்லையே!

வண்டிப் பாதையே இல்லாத ஊரானால்? கொடைக்கானலுக்கும் பெரியகுளத்துக்கும் நடுச்சரிவில் வெள்ளகவி என்ற பழைய ஊர் இருக்கிறது. ஊருக்குள் யாரும் செருப்பணிவதில்லை, அவ்வளவு தெய்வங்கள். தலைமுறை தலைமுறையாக அவ்வூரார் நோயாளியை மூங்கிலில் கட்டிய டோலியில் தோள்மாற்றித் தூக்கி வந்தார்கள். அத்தகைய ஊரிலிருந்து அழைப்பு வந்தால் இரண்டு பிரயாணங்களை ஒரே இடத்தில் சந்திக்க வைக்க வேண்டும். டோலி எப்போது புறப்படும், எத்தனை பேர் தூக்குகிறார்கள், மழையா, வெயிலா என்று கணக்கிட்டு, சாலை முடியுமிடத்துக்கு வண்டியை அனுப்ப வேண்டும். வண்டி முந்தினால், அது நிற்கும் நேரத்தில் வேறு ஓர் உயிருக்கு வண்டி இராது. டோலி முந்தினால் நோயாளி பனியில் கிடக்க நேரிடும்.

பிறகு அவர், நாம் கேட்காமலே, ஓர் இரவைப் பற்றிச் சொன்னார்.

மேல்மலையில் ஒரு சிற்றூர். ஊருக்குள் செல்போன் பேசாது. ஊருக்கு மேலே ஒரு பாறை. அதன்மேல் ஏறி நின்றால்தான் பேசும். நள்ளிரவில் ஒரு பெரியவர் அந்தப் பாறையிலிருந்து அழைத்தார். "அம்மா, மருமகளுக்கு வலி கண்டிருச்சு. நாள் இன்னும் இருக்கு" என்றார். நாள் நெருங்கிய கர்ப்பிணிகளை முன்னதாகவே அழைத்து வைத்துக் கொள்ளும் அறைகள் மலைப் பிரதேசத்துச் சுகாதார நிலையங்கள் சிலவற்றில் உண்டு. இந்த வலி அதற்கெல்லாம் அவகாசம் தரவில்லை. ஊர்ப்பெயர் கிடைத்தது, வண்டிக்கும் சொல்லியாயிற்று. வழியோ முக்கால் மணி நேரத்துக்குக் குறையாது. பெரியவர், "சரிம்மா, நான் போய்ப் பார்க்கிறேன்" என்று இறங்கப் பார்த்தார்.

"அய்யா, பாறையை விட்டு இறங்கிடாதீங்க!" என்று இவர் கத்தியே விட்டாராம். இறங்கினால் தொடர்பு போயிற்று. திரும்ப அழைத்தாலும் மணி அடிக்காது. "கூட யார் இருக்காங்க?" "பேரன் இருக்கான், பத்து வயசு." "அவனைக் கீழே அனுப்புங்க."

நிலையத்து டாக்டரையும் அதே இணைப்பில் சேர்த்தார்கள். சென்னையிலிருந்து கேள்வி பாறைக்குப் போயிற்று. பாறையிலிருந்து பையன் வீட்டுக்கு ஓடினான். பதிலோடு மறுபடி பாறைக்கு ஓடி வந்தான். எத்தனை நிமிஷத்துக்கு ஒரு தரம் வலி? நீர் உடைந்ததா? சுத்தமான துணி இருக்கிறதா? நான்காவது தடவை பையன் வந்தபோது குழந்தை பிறந்திருந்தது. "கொடியை அறுக்க வேண்டாம். குழந்தையைத் துடைத்துத் தாயின் மார்போடு அணைத்து இருவரையும் கம்பளியால் போர்த்துங்கள். அழுகிறதா என்று பார்த்து வா" என்று சொல்லி அனுப்பினார்கள். பையன் ஓடினான். பெரியவரின் மூச்சுத்தான் டெலிபோனில் கேட்டுக் கொண்டிருந்ததாம். வெகு நேரம் கழித்து, தூரத்தில் அவன் குரல் கேட்டது. என்ன சொன்னான் என்று புரியவில்லை. அதற்குள் வண்டியின் விளக்கு தெரிவதாகப் பெரியவர் சொன்னார். பாறையை விட்டு இறங்கினார். தொடர்பு அற்றது.

"குழந்தை?" என்று கேட்டார் சித்திரக்காரர்.

"தெரியாது சார். அடுத்த மணி அடிச்சிருச்சு. ஆரணியிலே ஒரு விபத்து."

"அந்த ஊர் இங்கே பக்கத்தில்தானே? போய்ப் பார்த்தால் என்ன?"

அவர் காப்பித் தம்ளர்களை எடுத்து அடுக்கினார். "போன வருஷமும் போகணும்னு நினைச்சேன். பஸ்ஸிலே அந்த நிறுத்தம் வந்துச்சு. இறங்கலை" என்றார். அதற்குமேல் நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை.

அவருடைய சொந்த ஊரிலும் அப்படி ஒரு பாறை இருக்கிறது. லீவு முடிவதற்குள் அதில் ஒரு காரியம் செய்ய வேண்டுமென்று ஊர்ப் பிள்ளைகளிடம் சொல்லி, வெள்ளை பெயிண்டு ஒரு டப்பா வாங்கி வைத்திருந்தார். எழுத்து நன்றாக வரவேண்டுமே என்று அவர்கள் யோசித்துக் கொண்டிருந்த சமயத்தில்தான், பென்சிலும் கையுமாக நம் சித்திரக்காரர் அகப்பட்டார். ஏரிச் சித்திரம் எழுத வந்த மனிதர், பிற்பகல் முழுவதும் பாறையில் மண்டியிட்டு, பாசியைச் சுரண்டிச் சுரண்டி எழுதினார். மேலே பெரிதாக 108. அடுத்து ஊரின் பெயர், ஊராட்சி, கொடைக்கானல் தாலூகா, திண்டுக்கல் ஜில்லா. பிறகு மெயின் ரோட்டிலிருந்து எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எந்த மரத்தடியில் வண்டி நிற்கும் என்று இரண்டு வரி. இருட்டில் டார்ச்சு அடித்தால் தெரிய வேண்டும் என்பதற்காக ஒவ்வோர் எழுத்தும் ஒரு சாண் உயரம். கடைசி வரி, 'பேசி முடியும் வரை இறங்காதீர்' என்பது. 'இறங்கா' என்றதும் பெயிண்டு தீர்ந்து விட்டது. ஒரு பையன் பூம்பாறைக்கு சைக்கிளில் போனான்.