ஆங்கிலக் கிராமத்தில் காசி மகாராஜாவின் கிணறு

இங்கிலாந்தில் வாழும் பிள்ளைகளைப் பார்க்கச் செல்லும் நம் பெரியவர்களை, விடுமுறை நாள்களில் நாட்டுப்புறத்துப் பழைய மாளிகைகளுக்கும் தோட்டங்களுக்கும் அழைத்துச் செல்வது இப்போது வழக்கமாகிவிட்டது. விரிந்த புல்வெளி, ஏரி, முதிர்ந்த மரங்கள், பிரபுக்களின் படங்கள் தொங்கும் கூடங்கள் என எல்லாம் கண்ணுக்கு இனியவைதாம். ஆயினும் இரண்டு மூன்று பார்த்தபின் எது எந்த மாளிகை என்பது மறந்துபோகும்.

மறக்க முடியாத ஒன்று குளொஸ்டர்ஷயரில் உள்ள செசின்கோட். கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியில் பொருளீட்டித் திரும்பிய சார்லஸ் காக்கரெல் என்பவருக்காக, 1805ஆம் ஆண்டை ஒட்டி, அவருடைய சகோதரர் சாமுவேல் பெப்பிஸ் காக்கரெல் மொகலாயப் பாணியில் அமைத்த மாளிகை அது. தோட்டத்தில் சூரிய பகவானுக்கு ஒரு சிறு கோயில் உண்டு. பாலத்தின்மீது நந்திகள் அமர்ந்திருக்கின்றன. காண்பவர் கை தாமாகவே குவியும். ஆனால் அந்தச் சூரியனுக்கு விளக்கும் இல்லை, நைவேத்தியமும் இல்லை. தோட்டத்துக்கு அழகு சேர்ப்பதே அவர் பணி. நமக்கு அது சற்று நெருடவே செய்யும்.

இந்தியாவில் ஈட்டிக் கொண்டுபோன செல்வத்தால் எழுந்தது செசின்கோட். இந்தியர் ஒருவர் மனமுவந்து கொடுத்த செல்வத்தால் எழுந்த தலமும் அந்நாட்டில் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டுஷயரில், சில்டன் குன்றுகளின்மேல் உள்ள ஸ்டோக் ரோ என்னும் சிற்றூரில் இருக்கும் மகாராஜாவின் கிணறுதான் அது.

மழைக்குப் பெயர்பெற்ற நாட்டில் தண்ணீர்ப் பஞ்சமா என்று தோன்றலாம். அக்குன்றுகள் சுண்ணப் பாறையால் ஆனவை. பெய்த மழையெல்லாம் உள்ளிறங்கிவிடும். மேட்டில் வாழ்வோருக்கு மிஞ்சுவது கலங்கிய குட்டை நீரே. கோடையில் சமைத்த நீரையும் கொட்டாமல் மறுபடி பயன்படுத்துவார்களாம். அப்பகுதியைச் சேர்ந்த இப்ஸ்டனில் பிறந்தவர் எட்வர்ட் ஆண்டர்டன் ரீட். வீட்டிலிருந்த கடைசித் தண்ணீரைக் குடித்துவிட்டதற்காக ஒரு சிறுவனைத் தாய் அடித்ததை அவர் இளமையில் கண்டிருந்தார். பின்னாளில் வடமேற்கு மாகாணங்களில் உயர் அதிகாரியானார். 1831இல் ஆசம்கரில் மக்களுக்காக ஒரு கிணறும் வெட்டுவித்தார். காசி மகாராஜா ஈசுவரி பிரசாத் நாராயண சிங்கோடு நட்புக் கொண்டிருந்தபோது, தம் ஊரின் தண்ணீர்த் துன்பத்தையும் அச்சிறுவனின் கதையையும் அவரிடம் சொன்னார்.

விசுவநாதரின் பிரதிநிதியாகவே காசி மக்கள் தங்கள் அரசரைக் கருதுவர்; அவரைக் கண்டால் எழும் முழக்கம் 'ஹர ஹர மகாதேவ்' என்பதே. ராம்நகர் ராமலீலாவைப் போற்றி வளர்த்த மன்னர் அவர். ரீட் ஓய்வு பெற்றுத் தாய்நாடு திரும்பியபின், இங்கிலாந்துக்கு ஒரு தர்மம் செய்ய விரும்பிய மன்னருக்கு நினைவில் வந்தது அந்தச் சிறுவனின் தாகம்தான். அரண்மனைக்கு அணிகலன் அனுப்பியிருக்கலாம். லண்டன் மாநகரில் பெயர் விளங்கும்படி ஏதேனும் கட்டியிருக்கலாம். அவர் தேர்ந்தது யாரும் அறியாத ஓர் ஏழைக் கிராமம்.

1863 மார்ச்சில் வேலை தொடங்கிற்று. விட்டம் 4 அடி. ஆழமோ 368 அடி! லண்டன் புனித பவுல் பேராலயத்தின் உயரத்தைவிடச் சற்று அதிகம். இயந்திரம் ஏதுமின்றி, முழுவதும் மனிதர் கையாலேயே தோண்டப்பட்டது. மேலே வானம் ஒரு காசளவாகத் தெரிய, சுண்ணப் பாறையை வெட்டிக்கொண்டே இறங்கிய அத்தொழிலாளரை எண்ணினால் உடல் சிலிர்க்கிறது. செலவு 353 பவுன் 13 ஷில்லிங் 7 பென்ஸ். விக்டோரியா மகாராணியின் பிறந்த நாளான 1864 மே 24 அன்று கிணறு திறக்கப்பட்டது. வாளியை மேலே இறைக்க ஏறத்தாழ 10 நிமிடம் ஆகும். ஆயினும் நீர் எவருக்கும் இலவசம்.

இஷ்டம், பூர்த்தம் என்று தர்மத்தை இரண்டாகச் சொல்வார்கள் நம் பெரியோர். வேள்வி முதலியன இஷ்டம்; கிணறு, குளம், சோலை, அன்னதானம் போன்றவை பூர்த்தம். மகாராஜாவின் தர்மம் கிணற்றோடு நிற்கவில்லை. கிணற்றுக் காவலர் வசிக்க ஒரு சிறு வீடு அமைந்தது. பராமரிப்புக்கு வருவாய் வேண்டுமென்று 4 ஏக்கர் அளவில் செர்ரிப் பழத்தோட்டம் வைக்கப்பட்டது. நம் கோயில்களுக்கு மானியம் விடுவது போலத்தான். அதில் மீன் வடிவில் ஒரு குளமும் உண்டு. மீன் காசி அரச குடும்பத்தின் சின்னம். 1882இல் மகாராணி கொலை முயற்சியிலிருந்து தப்பியபோது, மன்னர் செலவில் ஊரார் அனைவருக்கும் ரொட்டியும் தேயிலையும் சர்க்கரையும் வழங்கி உணவும் அளித்தார்கள். பூர்த்த தர்மம் ஏறக்குறைய முழுமையாகவே கடல் கடந்து நிறைவேறியது எனலாம். தம் தர்மத்தைக் காண மன்னர் அங்கே சென்றதே இல்லை.

ஏறத்தாழ 70 ஆண்டுகள் ஊரார் அந்நீரைப் பருகினர். 1964இல் நூற்றாண்டு விழாவுக்கு இளவரசர் பிலிப் வந்திருந்தார். காசியிலிருந்து கொண்டுவந்த கங்கை தீர்த்தம் அன்று கிணற்று நீரோடு சேர்க்கப்பட்டது.

லண்டன் பாடிங்டனிலிருந்து ரெடிங் வரை ரயிலில் சென்று, அங்கிருந்து காரில் போவது முதியோருக்கு எளிது. நுழைவுக் கட்டணம் இல்லை. செர்ரி பூக்கும் ஏப்ரல் மாதம் மிகப் பொருத்தம். இரும்புத் தூண்கள் தாங்கும் குவிமாடத்தின் கீழே, இறைக்கும் பொறியின்மேல் பொன்னிற யானை ஒன்று நிற்கும். அதனருகே நின்று விசுவநாதரை நினைத்துக் கைகூப்பத் தடையேதும் இல்லை.