அட்வான்ஸில் ஒழுகும் தண்ணீர்

எங்கள் விருதுநகர், சிவகாசிப் பக்கம் வீட்டுக்குள் வெள்ளம் வர மழை தேவையில்லை. குழாயில் தண்ணீர் வந்தாலே போதும்!

எப்படி என்கிறீர்களா? பல தெருக்களில் நாலைந்து நாளைக்கு ஒரு தடவைதான் தண்ணீர். எந்த நேரத்தில் வரும் என்று யாருக்கும் தெரியாது. குழாயைத் திறந்து, அடியில் குடத்தை வைத்துவிட்டுப் படுத்துக்கொள்வார்கள். சத்தம் கேட்டால் முழிச்சுக்கலாம் என்று ஒரு நம்பிக்கை. ராத்திரி இரண்டு மணிக்கு வருகிற தண்ணீர், ஆளை எழுப்புவதற்குள் வீட்டை நனைத்துவிடும்.

காய்ந்த பூமிதான் இந்த ஊரின் மூலதனம். 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்க் கற்று வந்த தீப்பெட்டித் தொழிலுக்கு இந்த வறட்சி கைகொடுத்தது. பிறகு பட்டாசு, அச்சகம். மூன்றுக்கும் ஈரம் ஆகாது. மாடியில் குடித்தனம், கீழே காலண்டர் பேப்பர் ஸ்டாக் என்றால், மேலே சொட்டும் ஒவ்வொரு சொட்டுக்கும் கீழே விலை உண்டு.

எனக்குத் தெரிந்த அச்சகத் தொழிலாளி ஒருவர் ஏழு வருஷம் குடியிருந்த மாடி வீட்டைக் காலி செய்தார். வாடகை 4,000. அட்வான்ஸ் 30,000. பாத்ரூம் சுவர் ஊறி, பெயிண்ட் உரிந்திருந்தது. "நீங்க தண்ணிய வழிய விட்டதுதான்" என்று வீட்டுக்காரர் 18,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டார். மகளின் காலேஜ் ஃபீஸுக்கு வைத்திருந்த கணக்கு அது. "வாடகைக்கு இருக்கறவன் என்ன சார் பேச முடியும்?" என்றார்.

பேசலாம். நகரங்களுக்கான தமிழ்நாடு வாடகைச் சட்டம் 2017-ல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. யார் எதை ரிப்பேர் செய்ய வேண்டும் என்று அதில் பட்டியலே இருக்கிறது. குழாய், வாஷர் மாற்றுவது குடியிருப்பவர் பொறுப்பு. பைப் மாற்றுவது, வெள்ளையடிப்பது, கட்டடப் பழுது எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. ஆனால், குடியிருப்பவரே கெடுத்திருந்தால் அந்தச் செலவு அவர் தலையில்தான். குழாயைத் திறந்து போட்டுத் தூங்கிவிட்டு, கீழே பேப்பர் நனைந்ததற்கு விதியைக் குறை சொல்ல முடியாது.

பி.காம். படித்தவர்களுக்குப் பிடித்த விஷயம் ஒன்றும் உண்டு: தேய்மானம். 1882-ம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டமே, வாங்கியபடி வீட்டைத் திருப்பிக் கொடு, நியாயமான தேய்மானம் போக, என்கிறது. பெயிண்ட்டின் ஆயுள் ஐந்து வருஷம் என்று வைத்துக்கொண்டால், ஏழு வருஷப் பெயிண்ட்டின் புத்தக மதிப்பு பூஜ்யம். அதற்குப் புது பெயிண்ட் விலை கேட்பது, ஓடி ஓய்ந்த பழைய சைக்கிளுக்குப் புது சைக்கிள் கேட்கிற மாதிரி.

நம் நண்பர் விஷயத்தில் பிளம்பர் சுவரை உடைத்துப் பார்த்தார். உள்ளே பைப்பில் விரிசல். "மூணு தடவை சொன்னேன் சார்" என்றார் நண்பர். "எங்கிட்ட யாரும் சொல்லலை" என்றார் வீட்டுக்காரர். எழுத்தில் ஒரு வரி இல்லை. தெரியப்படுத்தாமல் இருந்து பழுது பெருகினால், அதில் குடியிருப்பவருக்கும் பங்கு வந்துவிடும். கடைசியில் பெரியவர்கள் பேசி 9,000 திரும்பியது. மீதி 9,000, எழுதாத மூன்று வரிகளின் விலை.

ஆகவே சார், மேடம்... குடிபோகும் அன்றே சுவர், குழாய், பாத்ரூம் எல்லாவற்றையும் ஃபோட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கும் அனுப்பிவிடுங்கள். ஈரம் தெரிந்த அன்றே தேதியோடு ஒரு வாட்ஸ்அப். அவர் கண்டுகொள்ளாவிட்டால் நீங்களே சரிசெய்து வாடகையில் கழிக்கவும் சட்டத்தில் இடமுண்டு; ஒரு மாதத்தில் பாதி வாடகைக்கு மேல் கழிக்கக் கூடாது. தகராறு முற்றினால் வாடகை அதிகாரியிடம் போகலாம். அங்கேயும் முதல் கேள்வி, "ஒப்பந்தம் எங்கே?" என்பதாகத்தான் இருக்கும்.

வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்த விரிசலை முதல் தடவை சொன்னபோதே அடைத்திருந்தால் சில நூறு ரூபாயில் முடிந்திருக்கும். சுவரும் உங்களுடையதுதானே?