நிரம்பிய நினைவகமும் இல்லாத கோப்புகளும்

கெர்னல் என்று சொன்னவுடன் இலக்கிய நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிடக் கூடும். சற்றுப் பொறுக்க வேண்டுகிறோம். இது பழைய சிற்றிதழ்களைப் பற்றியதும்தான்.

எங்கள் தமிழ்த் துறையில் பழைய இதழ்களின் 1,20,000 பக்கங்கள் மின்படிகளாக ஒரு லினக்ஸ் சர்வரில் உள்ளன. பக்கத்துக்கு ஒரு பெரிய படம், ஒரு சிறிய படம். பாதிப் பக்கங்களுக்கு மட்டும் தட்டச்சிட்ட உரை. ஆக மூன்று லட்சம் கோப்புகள். அவற்றுள் பலவற்றின் மூலத்தாள்கள் தொட்டாலே உதிர்பவை. மறுபடி ஸ்கேன் செய்ய வழியில்லை. இயந்திரத்தைப் பராமரிக்கும் ஒரு நிறுவனம் வந்து பார்த்து, நினைவகம் நிரம்பிவிட்டது, கோப்புகள் மிகுதி, பெரிய படங்களை நீக்கிவிடுங்கள் என்றது. அதுவரைக்குமான மருந்தாக, மணிக்கொரு முறை கேஷைத் துடைத்தெறியும் ஒரு கட்டளையையும் அமைத்துவிட்டுப் போனது.

நீக்குவதற்கு முன், நினைவகத்தை நிரப்பியிருப்பது எது என்று அறிய விரும்பினோம். 'ப்ரீ' என்னும் கட்டளை, காலியிடம் குறைவு என்பதோடு நின்றுகொள்ளும். யார் குடியிருக்கிறார்கள் என்று சொல்வது 'ஸ்லாப்டாப்'. ரூட் அதிகாரத்தோடு அதை இயக்கினால், மூன்று நொடிக்கொரு முறை தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் ஓர் அட்டவணை விரிகிறது. 'சி' விசையை அழுத்தினால் மிகுதியாக இடம் பிடித்திருப்பவை மேலே வருகின்றன. எங்கள் சர்வரில் முதலிடம் இஎக்ஸ்டி4 ஐநோட்டுகளுக்கு, அடுத்தது டென்ட்ரி.

ஐநோட் என்பது கோப்பைப் பற்றிய குறிப்பு: அளவு, உரிமையாளர், தேதி, வட்டில் அது இருக்குமிடம். டென்ட்ரி என்பது பெயரையும் ஐநோட்டையும் இணைக்கும் சிறு சீட்டு. பொதுவாக 64 பிட் இயந்திரத்தில் ஒரு டென்ட்ரி 192 பைட். 4096 பைட் பக்கம் ஒன்றில் 21 சீட்டுகள் அடங்கும். ஐநோட் ஒவ்வொன்றும் ஒரு கிலோபைட்டைத் தாண்டுகிறது. மூன்று லட்சத்தால் பெருக்கிப் பார்த்தால் 300 மெகாபைட்டுக்கு மேல். இரவு நகலெடுப்பு எல்லாக் கோப்புகளையும் ஒரு சுற்றுத் தொட்டுவிடுவதால் விடியும்போது எல்லாச் சீட்டுகளும் நினைவகத்தில் இருக்கின்றன. நூலகர் ஒருவர் அட்டைப் பெட்டியை மேசைமேலேயே வைத்துக்கொள்வது போலத்தான்.

ஒரே வகைப் பொருள்களை வரிசையாக அடுக்கி, காலியானவற்றை அழிக்காமல் அடுத்த தேவைக்கு எடுத்து வைக்கும் இம்முறையை 1994இல் சன் நிறுவனத்தின் ஜெஃப் பான்விக் ஒரு கட்டுரையில் விளக்கினார். லினக்ஸ் அதை எடுத்துக்கொண்டது. 2007இல் ஸ்லப் என்னும் புதிய வடிவம் சேர்ந்தது. பழைய ஸ்லாப் நிரல் 2024இல் வந்த 6.8 பதிப்பில் நீக்கப்பட்டது. பெயர் மட்டும் கட்டளையில் நிலைத்திருக்கிறது. சொற்களின் வரலாறு படித்தவர்களுக்கு இது புதிதல்ல.

எங்களுக்கு முடிவு தந்தவை 'மெம்இன்ஃபோ' கோப்பின் இரண்டு வரிகள். ஸ்லாப் நினைவகத்தில் தேவைப்பட்டால் மீட்கக்கூடியது எவ்வளவு, மீட்க இயலாதது எவ்வளவு என்று அவை பிரித்துக் காட்டுகின்றன. இரண்டாவது எண் நாள்தோறும் ஏறிக்கொண்டே போனால் அஞ்ச வேண்டும். கெர்னலில் எங்கோ கசிவு இருக்கலாம். இரண்டு வாரம் குறித்துவந்தோம். அது ஏறக்குறைய அசையவே இல்லை. பெருத்திருந்தது முதல் எண்தான். வேறொரு நிரல் இடம் கேட்டால் கெர்னல் தானே விட்டுக்கொடுக்கும் பகுதி. படங்களை நீக்கத் தேவையில்லை என்று துறைக்கு எழுதிக்கொடுத்தோம்.

மணிக்கொரு முறை துடைக்கும் ஏற்பாட்டையும் எடுத்துவிட்டோம். துடைத்தவுடன் வரும் முதல் தேடலுக்கு எல்லாச் சீட்டுகளையும் வட்டிலிருந்து மறுபடி படிக்க வேண்டியிருந்தது. மாணவர்கள் திரையைப் பார்த்தபடி காத்திருந்தார்கள். கேஷின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்துவதற்கான வழி அதுவன்று என்று கெர்னல் ஆவணமே சொல்கிறது. அந்த நிறுவனம் அதைப் படித்ததாகத் தெரியவில்லை.

ஒன்று மட்டும் கணக்கில் இடித்தது. கோப்புகள் மூன்று லட்சம். டென்ட்ரிகளோ மூன்றரை லட்சத்தைத் தாண்டின. கெர்னல் இல்லாத கோப்புகளையும் நினைவில் வைத்துக்கொள்கிறது என்று பிறகு அறிந்தோம். ஒரு பெயரைத் தேடி அது இல்லையென்றால், அந்த 'இல்லை'யையே ஒரு சீட்டாக எழுதிக்கொள்கிறது. அடுத்த முறை வட்டுக்குப் போகாமலே விடை சொல்ல. எதிர்மறை டென்ட்ரி என்பது அதன் பெயர். செல்லாக் காசு, உண்ணா நோன்பு என்று எதிர்மறைப் பெயரெச்சம் நடத்தும் எங்களுக்கு அது பிடித்துப்போயிற்று. 2019இல் வந்த 5.0 பதிப்பு முதல் 'டென்ட்ரி ஸ்டேட்' கோப்பின் ஐந்தாவது எண் அவற்றின் தொகையைத் தருகிறது.

எங்கள் நிரல் ஒவ்வொரு பக்கத்துக்கும் உரைக்கோப்பு உண்டா என்று கேட்கிறது. உரையில்லாத பக்கங்கள் 60,000. ஐந்தாவது எண் அதைச் சற்றே தாண்டி நின்றது. தட்டச்சுக்கு இரண்டு முதுகலை மாணவர்கள் சேர்ந்திருக்கிறார்கள். கோடை விடுமுறைக்குள் 4,000 பக்கம் முடிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.